வெயில் ஆகாத பிள்ளைகள்

கொள்ளேகாலத்திலிருந்து மாதேஸ்வரன் மலைக்குப் பேருந்தில் சென்ற அன்பர்கள் கௌதள்ளியைப் பார்த்திருப்பார்கள். ஆனால் நினைவில் வைத்திருக்க மாட்டார்கள். ஹனூரைக் கடந்த பின் சாலையோரம் நாலைந்து தேநீர்க் கடைகள், ஒரு சந்தை, சுற்றிலும் ராகியும் சோளமும் விளையும் மேட்டுக் காடுகள், அப்பால் மலை. அதுதான் என் ஊர். 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் வரை கொள்ளேகால் வட்டம் சென்னை இராச்சியத்துக் கோவை ஜில்லாவைச் சேர்ந்ததாக இருந்தது. மேட்டூர் அணை எழுந்த காலத்தில் நிலம் நீருக்குள் போக, மூட்டை முடிச்சுடன் மேற்கே ஏறி வந்தவர் என் பாட்டனாரின் தந்தை. வீட்டிலே தமிழ், கடையிலே கன்னடம், கனவிலே இரண்டும் என்று வளர்ந்தவன் நான். 1997-இல் சாமராஜநகர் தனி ஜில்லாவாகப் பிரிந்து விட்டது. என்றாலும் எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கு இன்றும் ஜில்லா என்றால் மைசூர்தான்.

மன்றத்து மலருக்கு விஞ்ஞானக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று ஆசிரியர் குழுவினர் கேட்டபோது, அணுவைப் பற்றியோ விண்வெளியைப் பற்றியோ எழுதலாம் என்றுதான் முதலில் எண்ணினேன். பிறகு, எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கும் ஒரு சிறுவனின் முகம் வந்து குறுக்கே நின்றது.

அவனுக்கு இப்போது எட்டு வயது. இரண்டு வயதில் கன்னத்திலும் மூக்கின் மேலும் எள்ளைத் தூவினாற்போலக் கரும்புள்ளிகள் தோன்றின. ஐந்து வயதில் தோல் வறண்டு, முதுமை எய்தினாற்போலச் சுருங்கியது. கண்கள் வெளிச்சத்தைக் கண்டால் கூசி நீர் வடித்தன. ஏழாம் வயதில் மூக்கின் ஓரத்தில் ஒரு கட்டி எழும்பியது. ஊரார் பலவும் சொன்னார்கள்: குட்டம் என்றார் ஒருவர், முன்னோர் செய்த பாவம் என்றார் மற்றொருவர், கருவுற்றிருந்தபோது கிரகணத்தைப் பார்த்திருப்பாள் என்று தாயின் மேல் பழியைப் போட்டார் இன்னொருவர். பள்ளி ஒன்றில், மற்றக் குழந்தைகளுக்குத் தொற்றிக் கொள்ளும் என்று அஞ்சி, அவனை வீட்டிலேயே வைத்துக் கொள்ளும்படி சொல்லி விட்டார்கள். நகரத்துப் பெரிய மருத்துவமனையில் கட்டியை அறுத்தெடுத்த பிறகுதான் நோயின் பெயர் தெரிந்தது: ஜீரோடெர்மா பிக்மென்டோசம். சுருக்கமாக எக்ஸ்.பி. என்பர். வறண்டு புள்ளி விழுந்த தோல் என்பதே அந்த நீண்ட பெயரின் பொருள்.

இவன் ஒருவன் மட்டும் அல்லன். எங்கள் ஹனூர் வட்டத்துச் சிற்றூர்கள் சிலவற்றில் இந்நோய் கண்ட குழந்தைகள் இருப்பது அண்மை ஆண்டுகளில் கன்னடப் பத்திரிகைகளிலும் வெளிவந்துள்ளது. உலகிலே மிக அரிதென்று நூல்கள் கூறும் நோய் ஒரே வட்டாரத்தில் இப்படிக் கூடி நிற்பானேன்? இந்த வினாதான் என்னை நூலகத்துக்கு அனுப்பியது.

முதலில் வரலாற்றைச் சிறிது பார்ப்போம். வியன்னா நகரத்துத் தோல் மருத்துவர் மோரிட்ஸ் கப்போசி 1870-களில் இந்நோயை நூலில் விவரித்தார். 1882-இல் இன்றைய பெயரைச் சூட்டினார். ஒரே குடும்பத்தில் உடன்பிறந்தார் பலருக்கு வருவதையும், வெயில் படும் இடங்களையே அது தாக்குவதையும் அன்றைய மருத்துவர்கள் கண்டுகொண்டனர். ஏன் என்பது மட்டும் விளங்கவில்லை. பிற்காலத்தில் இந்தியாவைத் தம் நாடாக ஏற்றுப் புவனேசுவரத்தில் 1964-இல் மறைந்த மேதை ஜே. பி. எஸ். ஹால்டேன்கூட இதிலே ஒரு தடவை சறுக்கியிருக்கிறார். ஆண் பெண் என்ற பாலை நிர்ணயிக்கும் குரோமோசோம்களோடு இந்நோய்க்கு ஓரளவு தொடர்புண்டு என்று 1936-இல் அவர் கருதினார். அது தவறென்று பின்னர்த் தெரிந்தது. அவ்வளவு பெரியவரும் தவறினார் என்று படிக்கும்போது, தேர்வில் தவறும் நமக்குச் சற்றே ஆறுதலாக இருக்கிறது!

உண்மைக் காரணம் வெளிப்பட்டது 1968-இல். கலிபோர்னியாவில் பணியாற்றிய ஜேம்ஸ் கிளீவர் என்னும் இளம் ஆராய்ச்சியாளர் இந்நோயைப் பற்றி முதலில் அறிந்தது ஏதோ பெரிய மாநாட்டில் அன்று, செய்தித்தாளில் வந்த ஒரு செய்தியில்! அதைப் படித்ததும் அவர் உள்ளத்தில் ஓர் ஐயம் எழுந்தது. அந்த ஐயத்தைப் புரிந்து கொள்ள, வெயில் தோலிலே என்ன செய்கிறது என்று நாம் தெரிந்து கொள்ள வேண்டும்.

கதிரவனின் ஒளியில் நம் கண்ணுக்குப் புலப்படாத புற ஊதாக் கதிர்களும் உண்டு. அவற்றுள் மிகக் கொடியதான 'சி' வகையை வளிமண்டலம் தடுத்து விடுகிறது. 'பி' வகையில் ஒரு பகுதியும், 'ஏ' வகையில் பெரும் பகுதியும் மண்ணை வந்தடைகின்றன. தோலின் உயிரணு ஒவ்வொன்றிலும் டி.என்.ஏ. என்னும் நெடிய இழை சுருண்டு கிடக்கிறது. அடினைன், குவானைன், சைட்டோசின், தைமின் என்ற நான்கே எழுத்துக்களால் எழுதிய நூல் அது. 'பி' வகைக் கதிர் பாயும்போது, அடுத்தடுத்து நிற்கும் இரண்டு தைமின்களோ, இரண்டு சைட்டோசின்களோ, அல்லது இரண்டும் கலந்த ஒரு சோடியோ ஒன்றோடொன்று ஒட்டிக் கொள்கின்றன. மழையில் நனைந்த புத்தகத்தின் இரண்டு தாள்கள் ஒட்டிக் கொண்டால் நம்மால் அந்தப் பக்கங்களைப் படிக்க முடிவதில்லையல்லவா? அது போலத்தான். நண்பகல் வெயிலில் சிறிது நேரம் நின்றால் ஒவ்வோர் உயிரணுவிலும் இத்தகைய ஒட்டுக்கள் ஆயிரக்கணக்கில் விழுகின்றன.

அப்படியானால் களை பறிக்கும் நம் தாய்மார்கள் எல்லாரும் எப்படிப் பிழைத்திருக்கிறார்கள்? உயிரணுவுக்குள்ளேயே ஒரு பழுது பார்க்கும் படை இருக்கிறது. இதனை 1964-இல் பாக்டீரியாக்களில் கண்டனர்: ஒட்டிய எழுத்துக்களை அவை அக்கம் பக்கத்து எழுத்துக்களோடு வெட்டி எறிந்து விட்டு, எதிர் இழையைப் பார்த்துப் புதிதாக எழுதிக் கொள்கின்றன. கிளீவரின் ஐயம் இதுதான்: எக்ஸ்.பி. நோயாளிகளிடம் இந்தப் படை இல்லையோ? நோயாளிகளின் தோல் உயிரணுக்களைக் கண்ணாடிக் கலத்தில் வளர்த்து, புற ஊதா ஒளியைப் பாய்ச்சி, டி.என்.ஏ.யைப் புதிதாக எழுதும் பணி நடைபெறுகிறதா என்று நோக்கினார். நல்ல உயிரணுக்களில் நடந்தது. நோயாளிகளின் உயிரணுக்களில் அநேகமாக நடக்கவே இல்லை. புற்றுநோய்க்கும் டி.என்.ஏ.யின் பழுதுக்கும் உள்ள உறவை மனிதரிடத்திலே அவ்வளவு தெளிவாகக் காட்டிய முதற் சான்று அதுவே.

இனி அந்தப் படையின் வீரர்களைப் பார்ப்போம். 1972-இல் ஹாலந்து நாட்டு ராட்டர்டாம் நகரத்தார், வெவ்வேறு நோயாளிகளின் உயிரணுக்களை இணைத்துப் பார்த்தனர். சில இணைகள் பழுது பார்க்கும் ஆற்றலைத் திரும்பப் பெற்றன! ஒருவரிடம் இல்லாததை மற்றவர் தந்தார் என்பது இதன் பொருள். ஆகவே ஒரு ஜீன் மட்டும் அன்று, பல ஜீன்களில் எது கெட்டாலும் இந்நோய் வரும் என்று புலனாயிற்று. ஏ முதல் ஜி வரை ஏழு பிரிவுகள் கண்டனர். 'சி' என்னும் புரதம் இழையின் மேல் ரோந்து சுற்றிக் கோணலான இடத்தைக் கண்டுபிடிக்கிறது. 'ஈ' அதற்கு உதவுகிறது. 'பி', 'டி' இரண்டும் இழைகளைப் பிரித்துத் திறக்கின்றன. 'ஏ' சரிபார்க்கிறது. 'எஃப்', 'ஜி' என்பவை இரண்டு கத்தரிகள். ஒன்று இப்புறமும் மற்றது அப்புறமும் வெட்ட, ஏறக்குறைய முப்பது எழுத்துக்கள் கொண்ட துண்டு கழன்று விழுகிறது. இந்த வேலையை அங்கம் அங்கமாக விளக்கியவர்களுள் முதன்மையானவர் துருக்கியில் பிறந்த அசீஸ் சஞ்சார். 2015-ஆம் ஆண்டு வேதியியல் நோபெல் பரிசில் அவருக்கும் பங்கு கிடைத்தது. எட்டாவதாக ஒரு வகையும் உண்டு. அதில் வெட்டும் படையில் குறையில்லை. ஒட்டிய எழுத்துக்கள் எதிர்ப்பட்டாலும் தவறின்றிப் படியெடுக்க வல்ல ஒரு நொதி மட்டும் இல்லை. இது 1999-இல்தான் தெரிய வந்தது.

பழுது நீங்காவிட்டால் என்ன ஆகும்? உயிரணு பிரியும்போது டி.என்.ஏ. படியெடுக்கப்பட வேண்டும். ஒட்டிக் கிடக்கும் இரண்டு சைட்டோசின்களின் எதிரே, படியெடுக்கும் நொதி தடுமாறித் தவறான எழுத்தை வைத்து விடுகிறது. அடுத்த தலைமுறையில் இரண்டு சைட்டோசின்கள் இருந்த இடத்தில் இரண்டு தைமின்கள் நிற்கின்றன. இதுவே சடுதிமாற்றம். இந்த 'இரண்டு சைட்டோசின் போய் இரண்டு தைமின்' என்ற மாற்றம் வேறு காரணங்களால் மிக அரிதாகவே நிகழும். ஆதலால் கள்ளன் விட்டுச் சென்ற கைரேகை போல, இது வெயிலின் கைரேகை.

பி-53 என்று ஒரு ஜீன் உண்டு. பழுது மிகுந்த உயிரணுவைப் பிரிய விடாமல் நிறுத்துவதும், திருத்த முடியாததைச் சாக விடுவதும் அதன் தொழில். ஊர்த் தலையாரி என்று வைத்துக் கொள்ளுங்கள். 1991-இல் அமெரிக்காவில் சாதாரண மக்களின் தோல் புற்றுகளை ஆராய்ந்தபோது, அவற்றின் பி-53 ஜீனில் வெயிலின் கைரேகை பதிந்திருக்கக் கண்டனர். 1993-இல் பிரெஞ்சு நாட்டு ஆராய்ச்சியாளர்கள் எக்ஸ்.பி. நோயாளிகளின் தோல் கட்டிகளிலே அதே ஜீனைப் படித்தனர். அங்கே கண்ட மாற்றங்களில் பாதிக்கு மேல் அந்த இரட்டை மாற்றமே! கட்டியை உண்டாக்கியது பாவமும் அன்று, கிரகணமும் அன்று. எழுதியவன் கையெழுத்தே அங்கு இருக்கிறது. தலையாரி வீழ்ந்த ஊரில் கள்ளர் பெருகுவது போல, பி-53 கெட்ட உயிரணு சாக வேண்டிய நேரத்தில் சாகாமல் பெருகுகிறது.

இந்த இடத்திலே இன்னொரு நுட்பத்தைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. எங்கள் தெருச் சிறுவனின் தாய் என்னிடம் கேட்டது இது: "தம்பி, எம் பையனுக்கு வெயில்ல கொப்புளமே வந்ததில்லையே, வெயில்தான் காரணம்னு எப்படிச் சொல்றாங்க?" நல்ல கேள்வி. இந்நோயாளிகள் எல்லாருக்கும் தோல் வெந்து கொப்புளிக்கும் என்று நானும் எண்ணியிருந்தேன். உண்மை வேறு. டி.என்.ஏ.யில் பழுது பார்க்கும் வேலை இரு வழிகளில் நடக்கிறது: ஒன்று, நூல் முழுவதையும் பொறுமையாகச் சரிபார்ப்பது, மற்றொன்று, அப்போது படித்துக் கொண்டிருக்கும் பக்கத்தை மட்டும் உடனே திருத்துவது. 'சி' பிரிவு நோயாளிகளிடம் முதல் வழி மட்டுமே அடைபட்டுள்ளது. படிக்கும் பக்கம் திருந்தி விடுவதால் உயிரணு அன்றைக்குச் சாவதில்லை, தோலும் வேகுவதில்லை. படிக்காத பக்கங்களிலே பிழைகள் சேர்ந்து கொண்டே போகின்றன. ஆகையால் வெந்து அழும் குழந்தையைப் பெற்றோர் தாமே வெயிலிலிருந்து காக்கின்றனர். கொப்புளம் வராத குழந்தையோ காடு மேடெல்லாம் ஆடித் திரிகிறது. முன்னதைவிடப் பின்னதற்கே கட்டி முந்தி வருவதுண்டு. அவன் எந்தப் பிரிவினன் என்று நான் அறியேன். ஆனால் புள்ளிகளே எச்சரிக்கை என்று அந்தத் தாய்க்குச் சொன்னேன். இரண்டு வயதுக்குள் முகத்தில் கரும்புள்ளிகள் நெருக்கமாக விழுந்தால், குழந்தை மாநிறமோ கறுப்போ ஆயினும், தோல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். கறுத்த தோலுக்கு வெயில் ஒன்றும் செய்யாது என்ற நம் நம்பிக்கை இங்கே செல்லாது.

அமெரிக்கத் தேசிய மருத்துவ நிலையத்தார் 1971 முதல் 2009 வரை 106 நோயாளிகளைத் தொடர்ந்து பார்த்து, 2011-இல் கணக்கு வெளியிட்டனர். இருபது வயதுக்குக் கீழ்ப்பட்ட நோயாளிகளுக்குச் சாதாரணத் தோல் புற்று வரும் வாய்ப்பு மற்றவர்களைப் போலப் பதினாயிரம் மடங்கு. கரும்புற்றான மெலனோமாவுக்கு இரண்டாயிரம் மடங்கு. முதற் கட்டி தோன்றும் நடுவயது ஒன்பது. ஒன்பது! மூன்றாம் வகுப்புப் பிள்ளை. நோயாளிகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு நரம்பும் மூளையும் சிறுகச் சிறுகத் தளர்ந்து, செவி மந்தமாவதும் உண்டு.

இப்போது அந்த முதல் வினாவுக்கு வருவோம். அமெரிக்காவிலும் மேனாட்டிலும் பத்து லட்சத்தில் ஒருவருக்கே வரும் நோய், ஜப்பானில் ஏறத்தாழ இருபத்திரண்டாயிரத்தில் ஒருவருக்கு வருகிறது. பழங்காலத்து மூதாதை ஒருவரிடம் நேர்ந்த பிழை அங்குப் பலரிடம் பரவியுள்ளது. துனிசியா, அல்ஜீரியா, மொராக்கோ நாடுகளிலும் அத்தகைய பழைய பிழை ஒன்று 'சி' ஜீனில் உண்டு. உறவில் மணப்பதும் அங்கு வழக்கம். எங்கள் பக்கத்துக்கும் இதுவே பொருந்துமா என்பதை ஜீன்களைப் படித்துத்தான் முடிவு செய்ய வேண்டும். எனினும் உறவு மணம் எவ்வாறு வேலை செய்கிறது என்பதை ஒரு தாளும் பென்சிலும் கொண்டே காட்டி விடலாம்.

இந்நோய் வர, தந்தையிடமிருந்து ஒன்றும் தாயிடமிருந்து ஒன்றுமாகக் கெட்ட ஜீன் இரண்டும் சேர வேண்டும். ஒன்று மட்டும் உடையவர் நலமாகவே வாழ்வார். தம்மிடம் அது இருப்பதே அவருக்குத் தெரியாது. இருவரும் அத்தகையவராயின், ஒவ்வொரு பிரசவத்திலும் நான்கில் ஒரு பங்கு அபாயம். கணக்குக்காக, முந்நூறு பேரில் ஒருவர் இதைச் சுமப்பதாகக் கொள்வோம். உறவில்லாத இருவர் மணந்தால், 300-ஐ 300-ஆல் பெருக்கி மீண்டும் நான்கால் பெருக்க, 3,60,000 குழந்தைகளில் ஒன்றுக்கு நோய். ஒரு பெண் தன் தாய்மாமனை மணந்தால்? அவளிடம் கெட்ட ஜீன் இருப்பின், அது தாய்வழி வந்திருக்கப் பாதி வாய்ப்பு. தாயிடம் இருந்தது அவள் தம்பியிடமும் இருக்கப் பாதி வாய்ப்பு. ஆக நான்கில் ஒன்று. 300-ஐ நான்கால் பெருக்கி, மீண்டும் நான்கால் பெருக்க, 4,800 குழந்தைகளில் ஒன்று! எழுபத்தைந்து மடங்கு ஏறி விட்டது. மாமன் மகனை மணந்தால் 9,600-இல் ஒன்று. நோய் எவ்வளவு அரிதோ அவ்வளவுக்கு இந்த மடங்கு கூடும்.

2019–21-ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் மணமான பெண்களில் நான்கில் ஒருவருக்கு மேல் உறவிலே மணந்தவர்கள். எல்லையின் இரு பக்கத்திலும் நிற்கும் எங்களுக்கு இதைச் சொல்ல ஆய்வும் வேண்டுமா?

இங்கே நான் வெறும் மாணவனாக எழுதவில்லை. என் அக்காளை எங்கள் கடைசி மாமனுக்குக் கொடுப்பதென்று அம்மாயி, அக்கா பிறந்த அன்றே முடிவு செய்து விட்டவர். சென்ற தைப் பொங்கலுக்கு ஊர் போனபோது மேற்சொன்ன கணக்கை ஒரு காலண்டர்த் தாளின் பின்புறம் எழுதி அவரிடம் விளக்கினேன். முழுவதும் கேட்டார். பிறகு, "ஏன் சாமி, நம்ம ரத்தத்தை நம்பாம ஊரான் ரத்தத்தை நம்பச் சொல்றியா?" என்றார். எனக்கு வாயடைத்து விட்டது. 4,800-இல் ஒன்று என்றால் மீதி 4,799 பிள்ளைகள் நலம்தானே என்று அடுத்த கேள்வியையும் அவரே போட்டார். கணக்கில் பிழையில்லை. ஆனால் அது ஒரு நோயின் கணக்கு. இதே வழியில் வரும் நோய்கள் நூற்றுக்கணக்கில் உண்டு என்பதையும், அந்த ஒன்று எந்த வீட்டில் விழும் என்பதை எவரும் அறியார் என்பதையும் நான் சொல்லத் தொடங்குவதற்குள் அவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய் விட்டார்.

மாமன் நல்லவர். அக்காளுக்கும் அவர் மேல் வெறுப்பில்லை. "ரத்தப் பரிசோதனை செய்து பார்த்து விட முடியாதா?" என்று அக்கா இரவில் என்னைத் தனியே கேட்டாள். நோயுள்ள பிள்ளை ஒன்று குடும்பத்தில் இருந்து, எந்த ஜீனில் எந்த எழுத்து கெட்டது என்று தெரிந்தால், சுமப்பவரைக் கண்டுபிடிப்பது எளிது. கருவில் இருக்கும் குழந்தையையும் சோதிக்கலாம். எங்கள் வீட்டில் அத்தகைய பிள்ளை இல்லை. பல நோய்களின் ஜீன்களைச் சேர்த்துப் பார்க்கும் சோதனைகள் இப்போது பெரிய நகரங்களில் உண்டு, செலவு அதிகம், அதிலும் எல்லாப் பிழைகளும் அகப்பட்டு விடா. இவ்வளவுதான் சொன்னேன். "சரி, மாமனையும் கேட்கிறேன்" என்றாள். முடிவு அவளுடையது.

எங்கள் தெருச் சிறுவனின் கதைக்குத் திரும்புகிறேன். இந்நோயை வேரோடு நீக்கும் மருந்து இல்லை. எனினும் வெயிலை முற்றிலும் விலக்கினால் புதிய பழுதுகள் குறையும். காலை முதல் மாலை வரை, மேகம் மூடிய நாளிலும், புற ஊதாக் கதிர் உண்டு. நெருக்கமாக நெய்த துணி, நீண்ட கை, அகன்ற தொப்பி, பக்கமும் மறைக்கும் கண்ணாடி, தோலுக்குப் பூசும் களிம்பு எல்லாம் வேண்டும். சன்னற் கண்ணாடி 'பி' வகையைப் பெரும்பாலும் தடுக்கும். 'ஏ' வகையை விட்டு விடும். ஆகவே திரை தேவை. பழைய குழல் விளக்கைவிட எல்.இ.டி. விளக்கு நல்லது. வெயில் படாததால் குறையும் வைட்டமின் 'டி'யை மருந்தாகத் தர வேண்டும். நாக்கின் நுனியையும் இமைகளையும் மறவாமல் பார்க்க வேண்டும்; அங்கும் கட்டி வரும். சில மாதங்களுக்கு ஒரு தடவை மருத்துவர் உடல் முழுதும் நோக்கி, சிறிதாக இருக்கும்போதே கட்டியை நீக்கி விட வேண்டும். வீட்டில் பீடி கூடாது. அந்தப் புகை உண்டாக்கும் பழுதையும் இதே படைதான் திருத்த வேண்டியிருக்கிறது.

இதையெல்லாம் கன்னடத்தில் ஒரு தாளில் எழுதி, தொற்று நோய் அன்று என்பதை மேலே பெரிய எழுத்தில் போட்டு, பள்ளிக்கு அவன் தந்தையோடு நானும் போனேன். தலைமை ஆசிரியர் இரண்டு தடவை படித்தார். சன்னலுக்கு எதிர்ப்புறச் சுவரோரம் பலகை போடுவதாகவும், வெயில் ஏறுமுன் அவன் வந்து சேர்ந்து, வெயில் தாழ்ந்த பின் வீடு திரும்பலாம் என்றும் சொன்னார். விளையாட்டு நேரத்துக்கு என்ன செய்வது என்பது மட்டும் இன்னும் தீரவில்லை. இப்போதைக்கு அவன் இரவு ஏழு மணிக்கு மேல் பழைய சைக்கிள் டயரைக் குச்சியால் உருட்டிக் கொண்டு எங்கள் தெருவில் ஓடுகிறான். அந்த நேரத்தில் மற்றப் பிள்ளைகளும் இரண்டு மூன்று பேர் வந்து சேர்ந்து கொள்கிறார்கள் என்று அக்கா எழுதியிருந்தாள்.